வெட்டின குழியும் வெட்டினவனும்: சதிக்கு ஆளானவர் வேதத்தை வாசிக்கும் முறை

தமக்கு விரோதமாக யாரோ மறைவில் திட்டமிடுகிறார்கள் என்று அறியவரும் விசுவாசி பெரும்பாலும் முதலில் திறப்பது சங்கீதப் புத்தகத்தைத்தான். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் பொய்க்கதை பரப்பலாம். சொத்துக்காக உடன்பிறந்தவரே பொய்ச்சாட்சி தேடலாம். பொறுப்பிலிருந்து இறக்குவதற்காக நான்கு பேர் தனியே கூடிப் பேசலாம். அந்த நாட்களில் 7-ஆம் சங்கீதத்தின் இந்த வரிகள் கண்ணில் பட்டால் மனம் அங்கேயே நின்றுவிடும்: "குழியை வெட்டி, அதை ஆழமாக்கினான், தான் வெட்டின குழியில் தானே விழுந்தான். அவன் தீவினை அவன் சிரசின்மேல் திரும்பும்." கெடுவான் கேடு நினைப்பான் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்ததும் நினைவுக்கு வரும்.

இந்த வசனத்தில் மெய்யான ஆறுதல் உண்டு. ஆனால் இதை மட்டும் பிய்த்தெடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஆள் எப்போது விழுவான் என்று நாள் எண்ணத் தொடங்கினால், நாமும் நம் மனதிற்குள் ஒரு குழியை வெட்டத் தொடங்கிவிடுகிறோம். குழியைப் பற்றிய வசனங்கள் முதலில் நம் கையில் இருக்கும் மண்வெட்டியைக் கீழே வைக்கச் செய்வதற்காகவே எழுதப்பட்டிருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அந்த நோக்கத்தோடு இவற்றை எப்படி வாசிப்பது, எப்படி ஜெபிப்பது, கூடவே எந்த நடவடிக்கைகளை எடுப்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு வேதாகமமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஒரே நாளில் முடிக்க முயலாமல், ஒரு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுச் சங்கீதத்தையும் வாசியுங்கள்

7-ஆம் சங்கீதத்தில் 17 வசனங்கள் இருக்கின்றன. குழி வருவதோ 15-ஆம் வசனத்தில்தான். அதற்கு முன்னால் இருக்கும் 14 வசனங்களைத் தாண்டிக்கொண்டு அங்கே போவதற்கு நமக்கு உரிமை இல்லை. தலைப்பையே முதலில் கவனியுங்கள். பென்யமீனியனாகிய கூஷ் என்பவனுடைய வார்த்தைகளினிமித்தம் தாவீது பாடியது என்று அது சொல்லுகிறது. இந்த கூஷ் யார், என்ன சொன்னான் என்பதெல்லாம் வேதத்தில் வேறெங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் தாவீதை இந்த ஜெபத்துக்குத் தள்ளியது ஒருவனுடைய வாய்ச்சொல் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அவதூறுக்கு ஆளான எவருக்கும் இந்தச் சங்கீதம் நெருக்கமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

முதல் இரண்டு வசனங்களில் தாவீது தேவனிடத்தில் அடைக்கலம் தேடுகிறான். அடுத்து எதிரியைப் பற்றிய புகார் வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் 3 முதல் 5 வரையுள்ள வசனங்களில் அவன் தன்னையே விசாரணைக்கு ஒப்புக்கொடுக்கிறான். என் கைகளில் நியாயக்கேடு இருந்தால், என்னோடே சமாதானமாயிருந்தவனுக்கு நான் தீமை செய்திருந்தால், பகைஞன் என்னைத் தொடர்ந்து பிடித்து என் மகிமையைத் தூளிலே தாழ்த்தட்டும் என்று அவன் சொல்லுகிறான். நம் எதிரியின்மேல் வரவேண்டும் என்று நாம் விரும்பும் தண்டனையை, குற்றம் இருந்தால் தன்மேலேயே வரட்டும் என்று அவன் முதலில் கேட்டுக்கொள்ளுகிறான். இந்த மூன்று வசனங்களையும் மனதார ஜெபிக்க முடியாதவர் 15-ஆம் வசனத்தை ஜெபிக்கத் துணியக்கூடாது.

இந்த இடத்தில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அந்த மனிதரைப் பற்றி அண்மையில் யார் யாரிடம் என்னென்ன பேசினேன்? அவருக்குச் சேரவேண்டிய பணத்தையோ பாராட்டையோ செய்தியையோ நான் எங்காவது தடுத்துவைத்திருக்கிறேனா? அவருக்கு என்ன நேர்ந்தால் எனக்குத் திருப்தியாக இருக்கும்? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாக விடை எழுதுவது கடினம். எழுதிய பிறகு அதை வாசிப்பது அதைவிடக் கடினம். இருந்தாலும் எழுதுங்கள், ஏனென்றால் பின்னால் ஜெபத்துக்கு வரும்போது இந்தத் தாள் தேவைப்படும்.

பிறகு 12-ஆம் வசனத்தில் சற்று நில்லுங்கள். தேவன் தம்முடைய பட்டயத்தைக் கருக்காக்குவார் என்ற எச்சரிப்பு அங்கே வருகிறது. ஆனால் அதற்கு முன்னால், அவன் மனந்திரும்பாவிட்டால் என்ற நிபந்தனை இருக்கிறது. சதிகாரனுக்கும் ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தாவீது மறைக்கவில்லை. அதற்குப் பின் 14-ஆம் வசனத்தில், தீவினையைக் கர்ப்பந்தரித்துப் பொய்யைப் பெறுகிறவனாகச் சதிகாரன் காட்டப்படுகிறான். 15-ஆம் வசனத்தில் அவன் வெட்டுகிறான், ஆழமாக்குகிறான், விழுகிறான். அவனை யாரும் தள்ளவில்லை. அதே சமயம் 11-ஆம் வசனம் தேவனை நீதியுள்ள நியாயாதிபதி என்று அழைக்கிறது. குழி அவனுடைய உழைப்பு, நியாயத்தீர்ப்பு தேவனுடைய அதிகாரம். இரண்டுக்கும் நடுவில் சதிக்கு ஆளானவர் செய்யவேண்டிய வேலை எதுவும் குறிப்பிடப்படவில்லை. அவருக்கு விடப்பட்டிருப்பது 17-ஆம் வசனத்தின் துதி மட்டுமே.

ஆமானின் மூன்று முடிவுகளைப் பின்தொடருங்கள்

இனி ஒரு சரித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு எஸ்தரின் புத்தகத்தைவிடப் பொருத்தமானது வேதத்தில் இல்லை என்று நினைக்கிறேன். பெர்சிய ராஜாவின் முதன்மை அதிகாரியான ஆமான், தன்னை வணங்காத மொர்தெகாய் என்ற யூதன்மேல் கொண்ட பகையால் யூதர் எல்லாரையும் அழிக்கத் திட்டமிடுகிறான்; மொர்தெகாய் வளர்த்த எஸ்தரோ அந்த ராஜாவின் ராணி. 3-ஆம் அதிகாரத்திலிருந்து 8-ஆம் அதிகாரம் வரை ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, 5:9 முதல் 7:10 வரையுள்ள பகுதியை மறுபடியும் மெதுவாக வாசியுங்கள். நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஆமான் எடுத்த ஒவ்வொரு முடிவையும் இடதுபுறத்திலும், அது கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை வலதுபுறத்திலும் எழுதுங்கள்.

அகாஸ்வேரு ராஜாவின் 12-ஆம் வருஷம் முதலாம் மாதத்தில், யூதரை அழிக்கும் நாளைக் குறிப்பதற்காக ஆமான் சீட்டுப் போடச் செய்கிறான். பன்னிரண்டாம் மாதம் என்று விழுகிறது. பின்னர் எழுதப்பட்ட கட்டளையில் அந்த மாதம் 13-ஆம் தேதி குறிக்கப்படுகிறது. தன் காரியத்துக்கு ஏற்ற நல்ல நாளைத் தேடியவன், தான் அழிக்க நினைத்தவர்களுக்குப் பதினொரு மாத அவகாசத்தைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டான். இது உங்கள் அட்டவணையின் முதல் வரி.

இரண்டாவது வரி தூக்குமரம். எஸ்தரின் விருந்தை முடித்துக்கொண்டு களிப்போடு வெளியே வரும் ஆமான், அரமனை வாசலில் தனக்காக எழுந்திருக்காத மொர்தெகாயைக் காண்கிறான். வீட்டுக்குப் போய், மனைவி சிரேஷையும் சிநேகிதரையும் கூட்டி, தன் ஐசுவரியம், பிள்ளைகள், ராஜா தந்த மேன்மை எல்லாவற்றையும் விவரித்துவிட்டு, அந்த ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை இவையெல்லாம் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லுகிறான். பகை ஒரு மனிதனுக்குச் செய்யும் முதல் கேடு இதுதான்: கையில் இருப்பதை அனுபவிக்கும் சக்தியை அது பிடுங்கிக்கொள்கிறது. ஆமான் தூக்கில் விழுவதற்கு முன்பே, தன் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டான். அதன்பின்தான் 50 முழ உயரத்தில் தூக்குமரம் நாட்டப்படுகிறது. ஏறக்குறைய 75 அடி. ஒருவனைக் கொல்ல அவ்வளவு உயரம் தேவையில்லை. ஊர் முழுவதும் பார்க்கவேண்டும் என்பதற்கே அந்த உயரம். பிற்பாடு ராஜா கோபத்தோடு இருந்த வேளையில், பிரதானிகளில் ஒருவனாகிய அற்போனா ஆமானின் வீட்டண்டையில் நிற்கும் அந்த மரத்தைக் குறிப்பிட்டபோது, தண்டனைக்கு வேறு ஆயத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது வரியை நான் மிகவும் விரும்பித் தியானிப்பதுண்டு. அந்த இரவில் ராஜாவுக்கு நித்திரை வரவில்லை. அரசின் நாளாகமப் பதிவேட்டை வாசிக்கச் சொல்லுகிறார். தம்மைக் கொல்லத் திட்டமிட்ட இரண்டு பிரதானிகளை மொர்தெகாய் காட்டிக்கொடுத்ததும், அதற்காக அவனுக்கு ஒன்றும் செய்யப்படாததும் தெரியவருகிறது. அப்பொழுது முற்றத்தில் வந்து நிற்பவன் ஆமான். மொர்தெகாயைத் தூக்கிலிட உத்தரவு கேட்க வந்தவனிடம், ராஜா கனம்பண்ண விரும்பும் மனிதனுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கப்படுகிறது. தன்னைத்தான் சொல்லுகிறார் என்று எண்ணிக்கொண்டு, ராஜவஸ்திரம், ராஜா ஏறுகிற குதிரை, நகரவீதியில் கூறுதல் என்று அவனே வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறான். அவற்றையெல்லாம் மொர்தெகாய்க்கு அவனே செய்யவேண்டியதாயிற்று.

இப்போது அட்டவணையின் இரண்டு பக்கங்களையும் பார்த்து, இவற்றில் மொர்தெகாய் செய்தது என்ன என்று கேளுங்கள். தூக்குமரத்தைப் பற்றி அவன் அறிந்திருந்ததற்குக்கூட வசனத்தில் குறிப்பு இல்லை. ராஜாவின் உயிரைக் காப்பாற்றிய அன்று உண்மையாக நடந்துகொண்டான். அதற்குப் பலன் கிடைக்காதபோதும் தன் இடத்திலேயே இருந்தான். கட்டளை பிறந்தபோது துக்க உடையாகிய இரட்டை உடுத்தி அழுது, எஸ்தருக்குச் செய்தி அனுப்பினான். எஸ்தர் மூன்று நாள் உபவாசத்துக்குப் பிறகு, சமயம் பார்த்து, உரிய அதிகாரியின் முன்னிலையில் வாய் திறந்தாள். எபிரெய மூலத்தில் இந்தப் புத்தகம் முழுவதிலும் தேவனுடைய பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். சதியின் நடுவில் இருப்பவருக்கும் அப்படித்தான் தோன்றும்: எங்கும் அவர் பெயர் இல்லை, தூக்கம் வராத ஒரு இரவு மட்டும் இருக்கிறது.

ஆமானின் மரணத்தோடு வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள். முதல் கட்டளையை ரத்துசெய்ய முடியவில்லை. ராஜாவின் மோதிரத்தால் முத்திரையிட்டதை மாற்றக்கூடாது. மூன்றாம் மாதம் 23-ஆம் தேதி இரண்டாவது கட்டளை ஒன்று எழுதப்பட்டு, 127 நாடுகளுக்கும் அஞ்சற்காரர் ஓடவேண்டியிருந்தது. சதி செய்தவர் அகப்பட்டுக்கொண்டாலும், அவர் செய்த சேதம் அதோடு தீர்ந்துபோவதில்லை. கெடுக்கப்பட்ட பெயரைத் திருத்துவதற்கு அதன்பிறகும் மாதக்கணக்கில் பொறுமையாக உழைக்கவேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

சூத்திரமாக்கிவிடாதீர்கள்

இவ்வளவு நேர்த்தியாகத் திரும்பி விழும் கதைகளை மட்டுமே வாசிக்கிறவர், எல்லாச் சதிகளும் இப்படியே, இம்மையிலேயே, நம் கண்முன்னேயே முடியும் என்று நம்பத் தொடங்குவார். ஆகவே வாரத்தின் நடுவில் ஒரு நாளை 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்துக்காக ஒதுக்குங்கள். ஆகாப் ராஜா விரும்பிய நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்காக, அவன் மனைவி யேசபேல் ராஜாவின் பெயரால் நிருபங்களை எழுதி முத்திரை போடுகிறாள், உபவாசம் கூறப்படுகிறது, இரண்டு பொய்ச்சாட்சிகள் நிறுத்தப்படுகிறார்கள், நாபோத் கல்லெறியப்பட்டுச் சாகிறான். அவனைக் காப்பாற்ற எந்த ராஜாவும் தூக்கமில்லாமல் விழித்திருக்கவில்லை. தீர்க்கதரிசி எலியா தேவனுடைய தீர்ப்பைச் சொல்ல வந்தபோது நாபோத் ஏற்கனவே செத்திருந்தான். நியாயம் வந்தது, ஆனால் அவன் அதைப் பார்க்கவில்லை. இந்த அதிகாரத்தை வாசித்த பிறகும் தேவனை நீதியுள்ள நியாயாதிபதி என்று அறிக்கையிட முடிந்தால், அந்த விசுவாசம் வேரூன்றியது என்று சொல்லலாம்.

யோபின் புத்தகம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. அநியாயத்தை உழுது தீவினையை விதைத்தவர்கள் அதையே அறுக்கிறார்கள் என்ற வாக்கியம் யோபு 4:8-இல் இருக்கிறது. கருத்து நீதிமொழிகளோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதைச் சொன்னவன் யோபின் சிநேகிதனாகிய எலிப்பாஸ், சொல்லப்பட்டதோ குற்றமற்ற யோபுவிடம். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் எலிப்பாஸை நோக்கி, என் தாசனாகிய யோபைப்போல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபங்கொள்ளுகிறார். உண்மையான ஒரு வாக்கியத்தையும் தவறான மனிதர்மேல் எறிந்தால் அது பொய்ச்சாட்சியாகிவிடுகிறது. மெலித்தா தீவில் பவுலின் கையை விரியன் பாம்பு கவ்வியபோது, இவன் கொலைபாதகன், பழி இவனை விடவில்லை என்று அந்தத் தீவார் உடனே தீர்ப்புச் சொன்னதும் இதே வகைதான்.

ஆகவே நடைமுறையில் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். உங்களுக்குத் தீங்கு செய்தவருக்கு நோய் வந்தாலோ, வேலை போனாலோ, பிள்ளைக்கு விபத்து நேர்ந்தாலோ, அது தேவன் கொடுத்த பதில் என்று வாயால் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் சொல்லாதீர்கள். சீலோவாமின் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசு சொன்னபின் (லூக்கா 13:4), அப்படித் தீர்ப்புச் சொல்லும் வேலை நம்மிடம் இல்லை.

ஜெபித்துவிட்டுக் காவலும் வையுங்கள்

தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுக் கைகட்டி இருப்பதுதான் விசுவாசம் என்று சிலர் போதிக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டியவர்களுக்கு விரோதமாக எதிரிகளாகிய சன்பல்லாத்தும் தொபியாவும் சதி செய்தபோது, அந்த வேலையை நடத்திய நெகேமியா எழுதுவதைப் பாருங்கள்: தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களையும் வைத்தோம் (4:9). ஒரே வாக்கியத்தில் இரண்டும் இருக்கின்றன. தன் மகன் அப்சலோமின் கலகத்தில் தன் ஆலோசகன் அகித்தோப்பேல் சேர்ந்துகொண்டான் என்று கேட்ட தாவீது, அவனுடைய ஆலோசனையைப் பயித்தியமாக்கிவிடும்படி ஒரே வரியில் ஜெபித்தான். மலையுச்சிக்கு வந்ததும் தன் சிநேகிதன் ஊசாயைக் கண்டு, அகித்தோப்பேலின் ஆலோசனையை முறியடிக்கும்படி நகரத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னான். அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதிலே ஊசாய்.

நெகேமியாவின் 6-ஆம் அதிகாரத்தை ஒரு கையேடாகவே பயன்படுத்தலாம். ஓனோ பள்ளத்தாக்கில் சந்திக்கலாம் வா என்று எதிரிகள் நான்கு தரம் ஆள் அனுப்புகிறார்கள். நான் பெரிய வேலையைச் செய்கிறேன், வரக்கூடாது என்று நான்கு தரமும் அவன் ஒரே பதிலைச் சொல்லுகிறான். ஐந்தாவது தரம், அவன் ராஜாவாகப் பார்க்கிறான் என்ற வதந்தியைத் தாங்கிய திறந்த கடிதம் வருகிறது. யார் வேண்டுமானாலும் வழியில் வாசிக்கும்படி அது திறந்தே அனுப்பப்பட்டது. நெகேமியா நீண்ட விளக்கம் எழுதவில்லை. நீர் சொல்லுகிறபடி ஒன்றும் நடக்கவில்லை, அது உம்முடைய மனதின் கற்பனை என்று சுருக்கமாக மறுத்துவிட்டு, தன் கைகளைத் திடப்படுத்தும்படி ஜெபிக்கிறான். அலங்கம் 52 நாட்களில் முடிந்தது.

இதிலிருந்து நீங்கள் செய்யக்கூடியவை பல. உங்களைப் பற்றிய பொய் எழுத்தில் வந்தால் எழுத்திலேயே, இரண்டு மூன்று வாக்கியங்களில், குணத்தைத் தாக்காமல், நடந்ததை மட்டும் சொல்லி மறுங்கள். தேதியையும் சொல்லப்பட்ட வார்த்தைகளையும் அன்றன்றே குறித்துவையுங்கள். பிற்பாடு நினைவிலிருந்து எழுதினால் கோபமும் அதில் கலந்துவிடும். சாட்சி இல்லாத தனிச் சந்திப்புக்கு அழைத்தால் மரியாதையாக மறுத்து, பொதுவான ஒருவரை வைத்துக்கொண்டு பேசச் சம்மதியுங்கள். முக்கியமாக, உங்கள் அன்றாட வேலையை முன்னைவிட ஒழுங்காகச் செய்யுங்கள். அலங்கம் எழும்பி நின்றபோது நெகேமியா வேறு பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை.

சட்டத்தின் உதவியை நாடுவது அவிசுவாசம் என்றும் எண்ணாதீர்கள். பவுலைக் கொல்லும்வரை புசிப்பதுமில்லை குடிப்பதுமில்லை என்று நாற்பதுக்கும் அதிகமானவர்கள் சபதம் பண்ணினதை, அவனுடைய சகோதரியின் குமாரன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். பவுல் அவனை நூற்றுக்கு அதிபதியின் மூலம் சேனாபதியிடத்தில் அனுப்பினான். அன்றிரவே 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு அவன் செசரியாவுக்குப் புறப்பட்டான். ரோமாவிலும் சாட்சிகொடுக்கவேண்டும் என்று கர்த்தர் முந்தின ராத்திரியில்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார். எருசலேமில் அவனை முடித்துவிட நினைத்த சதியே ரோமாவுக்குப் போகும் வழியில் அவனை ஏற்றிவிட்டது. பெரிய சபைகளில் பேசப்படும் திட்டங்களை, பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு வாலிபன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் தைரியமடைகிறது. வீட்டிலோ வேலையிடத்திலோ உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்குமானால், பவுலைப்போல அன்றைக்கே பாதுகாப்பைத் தேடுங்கள். தியானத்தைப் பிறகு தொடரலாம்.

ஜெபத்தைப் பொறுத்தவரை, முன்பு எழுதிய தாளை இப்போது எடுத்து, மூன்றாவது கேள்விக்கு எழுதிய விடையை தேவனுக்கு முன்பாகச் சத்தமாக வாசியுங்கள். மறைக்கவேண்டாம், சங்கீதக்காரர் மறைக்கவில்லை. பிறகு, பழிவாங்குதல் எனக்குரியது என்று அவர் சொன்னதை நினைவுகூர்ந்து (ரோமர் 12:19), அந்த விருப்பத்தை அவரிடமே ஒப்படையுங்கள். ஒருநாளில் இது முடியாது. மறுநாள் அதே கோபத்தோடு எழுந்தாலும், அதே தாளை எடுத்து மறுபடியும் ஒப்படையுங்கள்.

எதிரி விழும் நாளுக்கு ஆயத்தமாயிருங்கள்

சில சமயம் அது நடந்தேவிடும். பொய் வெளிப்படும், சதி செய்தவர் எல்லாருக்கும் முன்பாக வெட்கப்படுவார். அன்றைக்கு என்ன செய்வது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளாதவர் அன்றைக்குத்தான் விழுவார். "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே, அவன் இடறும்போது உன் இருதயம் களிகூராதிருப்பதாக" என்று நீதிமொழிகள் 24:17 சொல்லுகிறது. படுகுழியை வெட்டுகிறவன் அதில் விழுவான் என்று 26-ஆம் அதிகாரத்தில் சொல்லும் அதே புத்தகம் இது. இரண்டு வசனங்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ஆண்டுக்கணக்கில் தன்னை வேட்டையாடிய சவுல் ராஜா செத்தான் என்ற செய்தி வந்தபோது, தாவீது சாயங்காலமட்டும் உபவாசித்துப் புலம்பினான். தானியேலின்மேல் குற்றஞ்சாட்டினவர்கள் குடும்பத்தோடே சிங்கக்கெபியில் போடப்பட்டது தரியு ராஜாவின் கட்டளை. தானியேல் அதைக் கேட்டதாகவோ அதில் மகிழ்ந்ததாகவோ வேதம் சொல்லவில்லை.

யோசேப்பின் சகோதரரிடத்தில் தீமை இன்னொரு விதமாகத் திரும்புகிறது. 20 வெள்ளிக்காசுக்கு அவனை விற்றவர்கள், பஞ்சத்தில் அவன் கையிலிருந்தே தானியம் வாங்கிப் பிழைத்தார்கள். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று அவன் சொன்ன வார்த்தை அவர்களுக்கும் சேர்த்தே உண்மையாயிற்று. சிலுவையில் இது முழுமையடைந்தது. இயேசுவின் மரணத்தில் பங்கிருந்தவர்களைப் பார்த்தே பேதுரு எருசலேமில், நீங்கள் அறியாமையினாலே இதைச் செய்தீர்கள் என்றும், உங்களை ஆசீர்வதிக்கும்படிக்கே தேவன் அவரை அனுப்பினார் என்றும் பிரசங்கித்தான் (அப்போஸ்தலர் 3). ஆகவே உங்களுக்குத் தீங்கு நினைத்தவருக்காக ஜெபிக்கும்போது, அவர் தன் குழியில் விழாமல் அதன் ஓரத்திலேயே நின்று திரும்பவேண்டும் என்று கேட்பது வேதத்துக்கு முற்றிலும் ஒத்த விண்ணப்பம். தொடக்கத்தில் அந்த வார்த்தைகள் தொண்டையில் சிக்கும், சிக்கினாலும் சொல்லுங்கள்.

மண்வெட்டி நம் கையில் இருந்தால்

இந்த வாரத்தின் கடைசி வாசிப்பு 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்கள். 7-ஆம் சங்கீதத்தில் குழி வெட்டுகிறவனுக்கு விரோதமாகக் கூப்பிட்ட அதே தாவீது, இங்கே தான் அபகரித்த பெண்ணின் கணவனாகிய உரியாவைச் சாகவைக்கும்படி சேனாபதி யோவாபுக்கு ஒரு நிருபத்தை எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். தன் மரண உத்தரவைத் தானே சுமந்துகொண்டு போகிறான் அந்த உண்மையுள்ள சேவகன். சதி பலித்தது. தீர்க்கதரிசி நாத்தான் வந்து, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்ட ஐசுவரியவானின் கதையைச் சொன்னபோது, தாவீது கோபமூண்டு, அந்த மனிதன் மரணத்துக்குப் பாத்திரன், நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்தவேண்டும் என்றான். நீயே அந்த மனுஷன் என்று பதில் வந்தது. தீர்ப்பு அவன் வாயிலிருந்தே புறப்பட்டு அவன்மேலேயே திரும்பியது. ஆனால் ஆமானுக்கு இல்லாதது தாவீதுக்கு இருந்தது: கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான்.

நோட்டின் முதல் இரண்டு கேள்விகளுக்கு எழுதிய விடைகளை இப்போது திரும்பப் பாருங்கள். ஒருவரைக் கெடுக்கும் வார்த்தை எதையாவது நீங்கள் பரப்பியிருந்தால், ஒருவரை வெளியேற்றும் பேச்சில் தலையாட்டியிருந்தால், குழி அங்கே திறந்து கிடக்கிறது. யாத்திராகமம் 21:33, 34 இதை எளிய வழக்காகவே விசாரிக்கிறது: ஒருவன் குழியை வெட்டி மூடாமல் விட்டதினால் ஒரு மாடோ கழுதையோ அதில் விழுந்தால், குழிக்கு உடையவன் ஈடுகொடுக்கவேண்டும். விழவைக்க நினைத்தானா இல்லையா என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. மூடினானா என்றுதான் கேட்கிறது.

மூடுவது இப்படித்தான். யாரிடம் தவறாகச் சொன்னீர்களோ, அவர்களிடமே ஒவ்வொருவராகப் போய், நான் அவரைப் பற்றிச் சொன்னது உண்மையல்ல, அல்லது எனக்கு உறுதியாகத் தெரியாமல் சொன்னேன் என்று சொல்லுங்கள். "யாராவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால்" என்ற வகைச் சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை குழியின்மேல் இலைகளைப் பரப்புமே தவிர அதை நிரப்பாது. அந்த மனிதருக்கு வேலையிலோ பணத்திலோ நஷ்டம் வந்திருந்தால், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்ற சகேயுவைப்போல ஒரு தொகையையோ ஒரு பரிகாரத்தையோ பெயர் சொல்லி முன்வையுங்கள். அதன்பிறகே அவரிடத்தில் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் மன்னிக்கச் சில காலம் எடுத்துக்கொண்டால் அது அவருடைய உரிமை. பட்டியலில் மிகக் கடினமாகத் தோன்றும் பெயரை முதல் நாளிலேயே சந்தித்துவிடுங்கள், ஏனென்றால் தள்ளிவைத்தால் அந்தப் பெயர்தான் கடைசிவரை சந்திக்கப்படாமல் நிற்கும்.